ஸ்காட்லாந்துப் பள்ளிக்கு மெட்ராஸ் என்று பெயர், என் ட்ரைபாடில் மணல்

வணக்கம் மக்களே! இன்றைக்குக் கேமரா ஒரு பக்கம் சாய்ந்துதான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ட்ரைபாட் காலுக்குள் மணல் போய்விட்டது.

போன வீடியோவில் சென்னையின் பழைய பள்ளிக் கட்டடங்களைக் காட்டினேன் இல்லையா? அதன் கீழே ஒருவர், "திண்ணைப் பள்ளிக்கு ஏது கட்டடம், ஏது வரலாறு?" என்று எழுதியிருந்தார். எனக்கு இரண்டு நாள் தூக்கமே இல்லை.

1789இல் எழும்பூரில், ராணுவத்தாரின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகள் விடுதிக்கு ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் பொறுப்பேற்றார். ஒருநாள் காலைச் சவாரியில், நம் ஊர்ப் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்திருக்கிறார். இங்கேயும் அப்படிச் செய்யலாமே என்றார். ஆசிரியர்கள் மசியவில்லை. சரி போங்கள் என்று, எட்டு வயதுப் பையன் ஒருவனைக் கடைசி வகுப்புக்கு வாத்தியாராக்கிவிட்டார்! நம் திண்ணையில் அவனுக்குப் பெயர் சட்டாம்பிள்ளை.

அதை நானும் செய்து பார்க்க வேண்டாமா? எதிர்வீட்டில் கொட்டிக் கிடந்த எம் சாண்டை அள்ளி வந்தேன். விரல் தோல் உரிந்ததுதான் மிச்சம். அப்புறம் மீன் தொட்டிக் கடையில் ஒரு கிலோ மணல், 120 ரூபாய். மணலுக்கு! தட்டில் கனமாகப் பரப்பினால் 'ண'வின் சுழிகள் ஒன்றன்மேல் ஒன்று சரிகின்றன. கோலமாவு தூவுவதுபோல மெலிதாகத் தூவினால் எழுத்துக்குள் தட்டின் கறுப்பு தெரிகிறது. தட்டை ஒரு குலுக்கு குலுக்கினால் அழிந்துவிடும். என் 'ழ'வைப் பாருங்கள், என்ன அழகு!

பெல் ஊர் திரும்பி, 1797இல் இதைப் பற்றிப் புத்தகம் போட்டார். முறையின் பெயரே 'மெட்ராஸ் முறை'. பிள்ளைக்குப் பிள்ளை சொல்லிக்கொடுத்தால் வகுப்புக்கொரு அறை எதற்கு? அதனால் இங்கிலாந்தில் ஒரே பெரிய கூடமாகப் பள்ளிகள் எழுந்தன. நூற்றுக்கணக்கில் பிள்ளைகள், தலைக்கு மேல் ஒரே ஆசிரியர். சத்தத்தை நினைத்தாலே எனக்குத் தலை வலிக்கிறது. ஆனால் திண்ணைக்கும் கட்டடத்துக்கும் சம்பந்தமில்லை என்று இனி யாரும் சொல்லாதீர்கள்.

ஐயோ, தலைப்பையே மறந்துவிட்டேன். பெல்லின் சொந்த ஊர் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ். அங்கே அவர் கொடுத்த பணத்தில் கட்டிய பள்ளி, அவர் இறந்த மறுவருடம், 1833இல் திறந்தது. பெயர் மெட்ராஸ் காலேஜ். நாம் 1996இல் ஊர்ப் பெயரையே மாற்றிவிட்டோம், அந்தப் பள்ளி இன்னும் மாற்றவில்லை!

ட்ரைபாட் காலில் இருந்து மணலை எடுக்கத் தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். ஊதச் சொல்லாதீர்கள், ஊதித்தான் கண்ணில் விழுந்தது.