எந்த இருமலுக்கு எந்த உதவி?

எல்லோருக்கும் வணக்கம். தசைச்சிதைவு, முதுகுத்தண்டுக் காயம், ஏஎல்எஸ் (தசைகளை இயக்கும் நரம்புகள் படிப்படியாக அழியும் நோய்), எஸ்எம்ஏ (அதே நரம்புகளைத் தாக்கும் மரபணு நோய்) என்று நோயின் பெயர்கள் வேறுவேறு. ஆனால் இங்கே வந்திருக்கிற குடும்பங்களுக்குப் பொதுவான பயம் ஒன்றுதான்: சாதாரண ஜலதோஷம். மற்றவர்களுக்கு மூக்கொழுகலோடு போகிற விஷயம், மூச்சுத் தசை பலவீனமானவரை ஐசியூ வரை கொண்டுபோய் விட்டுவிடும். பல நேரம் நுரையீரல் நன்றாகத்தான் இருக்கும். சளியை வெளியே தள்ளத்தான் பலம் இருக்காது.

என்னிடம் பெரும்பாலானவர்கள் கேட்பது, "சளியை வெளியேற்ற இருக்கிறதிலேயே எது நல்ல முறை? இருமலுக்கு உதவும் மெஷின் வாங்கிவிடலாமா?" என்பது. அதற்கு முன்னால் நான் ஒன்று கேட்பேன். உங்கள் வீட்டு நோயாளியின் இருமலில் எந்தக் கட்டம் பழுதாகியிருக்கிறது?

இருமலுக்கு மூன்று கட்டம் உண்டு. முதலில் மூச்சை ஆழமாக உள்ளே இழுக்கிறோம். அடுத்து, நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம் குரல்வளை மூடிக்கொள்ள, உள்ளே அழுத்தம் ஏறுகிறது. அப்புறம் குரல்வளை சட்டென்று திறக்க, வயிற்றுத் தசைகள் இறுகிக் காற்றை வெளியே வீசுகின்றன. இந்த மூன்றில் எது போனாலும் வெளியே கேட்பது ஒரே மாதிரியான சின்னக் கனைப்புதான். காதால் கேட்டுப் பிரித்தறிய முடியாது.

ஆனால் இருமலின் வேகத்தை அளக்க முடியும். ஆஸ்துமாக்காரர்கள் ஊதுவார்களே, அந்தப் பீக் ஃப்ளோ மீட்டரில் மாஸ்க்கை மாட்டி, அதற்குள் இருமச் சொன்னால் போதும். ஆரோக்கியமான பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 360 லிட்டருக்கு மேல் வரும். 270-க்குக் கீழே இருந்தால், சாதாரண நாளில் சமாளிப்பார். சளி பிடித்துத் தசை களைத்துப் போனால் சிக்கல். 160-க்கும் கீழே என்றால் எந்த நாளிலும் சளி நகராது. இவை பெரியவர்களுக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்குமான கணக்கு, சின்னக் குழந்தைகளுக்குப் பொருந்தாது. ஒவ்வொரு முறை மருத்துவரைப் பார்க்கும்போதும் இந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள். எக்ஸ்ரே எடுப்பதில் காட்டுகிற அக்கறையில் பாதியைக்கூட இந்தச் சோதனையில் நாம் காட்டுவதில்லை என்பது என் வருத்தம்.

சரி, முதல் கட்டம். உள்ளே காற்று போனால்தானே வெளியே வரும்? இதற்குத்தான் மூச்சை அடுக்குவது. ஒருவழி வால்வு பொருத்திய ஆம்பு பை (கையால் அழுத்திக் காற்று செலுத்தும் பை), அதோடு மாஸ்க் அல்லது வாய்க்குழாய். நோயாளியை நிமிர்த்தி உட்கார வையுங்கள். அவர் தன்னால் முடிந்த அளவு மூச்சை இழுக்கட்டும். அந்த மூச்சோடு சேர்ந்தாற்போல் பையை மெதுவாக அழுத்துங்கள். மூச்சை விடாமல் பிடித்துக்கொள்ளச் சொல்லி, அதன் மேல் இன்னொரு அழுத்து, முடிந்தால் மூன்றாவது. மார்பு விரிந்து இழுபடுவது அவருக்குத் தெரிய வேண்டும். வலி வரக் கூடாது. அங்கே நிறுத்தி இருமச் சொல்லுங்கள். முதன்முறை செய்யும்போதே வித்தியாசம் காதுக்குக் கேட்கும். விறைத்துப்போகிற மார்புக் கூட்டுக்கும் இது பயிற்சி என்பதால், சளி இல்லாத நாளிலும் செய்வது நல்லது. ஒரு எச்சரிக்கை: இந்த வால்வு வழியாக மூச்சு வெளியே வராது. அவசரத்தில் யாராவது இதே பையை எடுத்துச் செயற்கை சுவாசம் கொடுத்துவிட்டால் ஆபத்து. "உயிர்காக்கும் சுவாசத்துக்கு அல்ல" என்று பையின் மேலேயே பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

பை இல்லாமல் நாக்கால் காற்றை மடக்கு மடக்காக விழுங்கி நுரையீரலை நிரப்பும் தவளை மூச்சும் உண்டு. 1950-களில் போலியோ நோயாளிகளிடம் இதைக் கண்டு விவரித்தார்கள். பழகியவர்களுக்கு வரம்தான், ஆனால் எல்லோருக்கும் கைவராது.

அடுத்து, காற்றை வெளியே வீசும் மூன்றாம் கட்டம். கழுத்துக்குக் கீழே முதுகுத்தண்டில் அடிபட்ட பலருக்கு உதரவிதானம் (மூச்சை உள்ளே இழுக்கும் முக்கியத் தசை) வேலை செய்யும், வயிற்றுத் தசை செய்யாது. மூச்சு ஓரளவு உள்ளே போய்விடும். வீச ஆள் இல்லை. அங்கே நம் கைகள்தான் வயிற்றுத் தசை. தொப்புளுக்கு மேலே, விலா எலும்புக்குக் கீழே உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, அவர் இருமும் அதே நொடியில் உள்நோக்கியும் மேல்நோக்கியும் ஒரு தள்ளு. அரை நொடி தவறினாலும் பலன் போய்விடும். அதனால் "ஒண்ணு, ரெண்டு, இருமு" என்று சத்தமாக எண்ணுங்கள், இருவருக்கும் தாளம் பிடிபடும். சாப்பிட்டு ஒன்றரை மணி நேரமாவது ஆகட்டும். விலா எலும்பு முறிவோ எலும்புத் தேய்வோ இருந்தால் வேண்டாம். முதுகு மிகவும் வளைந்தவர்களிடம் எவ்வளவு தள்ளினாலும் பெரிதாகப் பலன் இருக்காது. பையால் நிரப்பி, உடனே கையால் தள்ளுவது, தனித்தனியாகச் செய்வதைவிட நன்றாக வேலை செய்யும்.

இப்போது மெஷின். இதுவும் போலியோ காலத்துப் பிள்ளைதான். மாஸ்க் வழியாகக் காற்றை உள்ளே தள்ளி, உடனே எதிர் அழுத்தத்துக்கு மாறி வெளியே உறிஞ்சும். பெரியவர்களுக்கு உள்ளே தள்ளக் கூட்டல் 40, உறிஞ்சக் கழித்தல் 40 சென்டிமீட்டர் நீர் அழுத்தம் என்பது பழகிய அளவு. குறைவாகத் தொடங்கிப் படிப்படியாக ஏற்றுவார்கள். நான் அடிக்கடி பார்க்கிற கோளாறு, தொடங்கிய 20-லேயே மாதக்கணக்கில் விட்டுவிட்டு, "மெஷின் சரியில்லை" என்று மூலையில் வைத்துவிடுவது. ஐந்து முறை உள்ளே வெளியே, கொஞ்சம் ஓய்வு, வந்த சளியைத் துடை, மறுபடியும். கழுத்தில் டியூப் இருப்பவர்களுக்கும் இதை மாட்டலாம். சக்‌ஷன் குழாயை விட்டுச் சளியை உறிஞ்சினால் அது பெரும்பாலும் வலது பக்கமே போகும், இடது நுரையீரல் விடுபட்டுப்போகும். மெஷினுக்கு அந்தப் பாரபட்சம் இல்லை. நுரையீரலில் காற்றுக் கொப்புளம் இருப்பவர்களுக்கும், அண்மையில் நுரையீரல் வெடித்துக் காற்று கசிந்தவர்களுக்கும் பையோ மெஷினோ மருத்துவர் சொல்லாமல் கூடாது.

நடுக் கட்டம் பழுதானவர்கள்தான் கஷ்டம். ஏஎல்எஸ்-இல் பேச்சும் விழுங்குவதும் பாதிக்கப்பட்டவர்களால் அடுக்கிய மூச்சைப் பிடித்து வைக்க முடியாது. ஒருவழி வால்வு ஓரளவு கைகொடுக்கும். மெஷினில் அழுத்தத்தை ஏற்றினால் குரல்வளை பயந்து மூடிக்கொள்ளும், உறிஞ்சும்போது தொண்டை ஒட்டிக்கொள்ளும். அழுத்தத்தைக் குறைத்து, மெதுவாகக் காற்று போகும்படி அமைத்துப் பார்ப்பதுதான் வழி. இதை வீட்டில் நீங்களாக மாற்றாதீர்கள்.

இவற்றில் எது உசத்தி என்று ஆராய்ச்சி சொல்லியிருக்கிறதா? 2015-இல் ஏஎல்எஸ் நோயாளிகள் 40 பேரை வைத்துப் பையையும் மெஷினையும் ஒப்பிட்டார்கள்; மெஷின் ஜெயித்ததாகத் தெளிவாகச் சொல்ல முடியவில்லை. எல்லாச் சோதனைகளையும் சேர்த்துப் பார்த்த கோக்ரேன் அமைப்பின் 2021 தொகுப்பாய்வும், ஒன்றைவிட இன்னொன்று மேல் என்று சொல்லச் சான்று போதாது என்றது. ஆகவே நான் சொல்வது என் அனுபவக் கருத்து. முதலில் பை, கூடவே கை. அதிலும் 270 எட்டவில்லை என்றாலோ, முதுகு வளைந்திருந்தாலோ மெஷின். கவனித்துக்கொள்பவர் ஒற்றை ஆளாக இருந்தாலும் மெஷின்தான். நெஞ்சுச் சளி பிடித்த இரவில் மணிக்கொரு முறை எழுந்து தள்ள எந்தக் கையாலும் முடியாது.

கடைசியாக, விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர். வழக்கமாக நன்றாக இருப்பவருக்கு ஆக்சிஜன் எண் 95-க்குக் கீழே இறங்கினால், முதலில் சளி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். இருமவைத்தால் ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் ஆஸ்பத்திரி. அங்கே ஆக்சிஜனை மட்டும் வைத்தால் எண் அழகாக ஏறும். சளி அப்படியே இருக்கும், உள்ளே கரியமில வாயு சேர்ந்துகொண்டே போகும். அதனால் பைபேப் (மாஸ்க் வழியாக மூச்சுக்கு உதவும் கருவி), இருமல் மெஷின், பை மூன்றையும் கூடவே எடுத்துப் போங்கள். நல்ல நாளில் அளந்த இருமல் வேகம், மெஷினின் அழுத்த அளவுகள் இரண்டையும் ஒரு தாளில் எழுதி மெஷின் பைக்குள்ளேயே வைத்திருங்கள். அவசரப் பிரிவில் இருப்பவர் இந்தக் கருவியைப் பார்த்தே இராதவராக இருக்கலாம். அப்படியானால் மாஸ்க்கைப் பிடித்து அவருக்குச் செய்துகாட்ட வேண்டியவர் நீங்கள்தான்.