பாலைவனம் என்றாலே மணலும் ஒட்டகமும்தானா? ஓர் ஆசிரியையின் சந்தேகத்துக்கு விளக்கம்

தேவகோட்டைப் பக்கத்திலிருந்து ஓர் ஆசிரியை கேள்வி அனுப்பியிருக்கிறார். வாசித்துவிடுகிறேன். "ஏழாம் வகுப்புக்குப் புவியியல் எடுக்கிறேன். பாலைவனத்தை வரையச் சொன்னால் எல்லாப் பிள்ளைகளும் மணல்மேடு, ஒட்டகம், ஈச்சமரம், பெரிய சூரியன் என்றுதான் வரைகிறார்கள். பரீட்சையில் வரையறையைச் சரியாக எழுதிவிட்டு, வாயால் கேட்டால் பழையபடி மணல் என்கிறார்கள். நம்ம ஊர்க் கண்மாய் வற்றிக் கிடப்பதைப் பார்த்து, இதுவும் பாலைவனம் ஆகிவிடுமா என்றும் கேட்கிறார்கள். எப்படி விளக்குவது?"

நல்ல கேள்வி டீச்சர். முதலில், அந்தப் படத்தைத் தப்பு என்று ஒதுக்கிவிட வேண்டாம். டேவிட் ஆசுபெல் என்ற கல்வி உளவியலாளர் 1968இலேயே இதை அழுத்திச் சொன்னார்: பிள்ளைக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்பதுதான் அது கற்பதை எல்லாவற்றையும்விட அதிகமாகத் தீர்மானிக்கிறது. நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இந்தப் படம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். பாதி வீடுகளில் அப்பாவோ மாமாவோ துபாயிலோ சவுதியிலோ இருக்கிறார். அவர் போனில் அனுப்பும் வீடியோவில் மணல்தான் தெரிகிறது. தமிழ் வகுப்புக்குப் போனால் ஐந்திணையில் பாலைக்கு 'மணலும் மணல் சார்ந்த இடமும்' என்று மனப்பாடம் செய்கிறார்கள். சினிமாப் பாட்டில் ராஜஸ்தான் மணல் வருகிறது. இத்தனைக்கும் நடுவில் நீங்கள் ஒரு நாள் வந்து 'ஆண்டுக்கு 250 மில்லிமீட்டருக்குக் குறைவாக மழை பெய்யும் இடம்தான் பாலைவனம்' என்றால் அது எங்கே போய் ஒட்டும்? பரீட்சைத் தாளோடு போய்விடும்.

அதனால் அந்த 250ஐக் கண்ணால் பார்க்க வையுங்கள். வகுப்புச் சுவரில் தரையிலிருந்து 90 சென்டிமீட்டர் உயரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். சிவகங்கை மாவட்டத்தின் ஓராண்டு மழை ஏறக்குறைய 900 மி.மீ. நம் செட்டிநாட்டு வீட்டு முற்றத்தில் ஒரு வருஷம் விழுகிற மழை ஒரு சொட்டும் வெளியே ஓடாமல், ஆவியாகாமல் அப்படியே நின்றால் அந்தக் கோடு வரைக்கும் நிற்கும். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு ஏறத்தாழ இடுப்பளவு. ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு நிற்க வைத்துப் பார்க்கலாம். அடுத்து 25 செ.மீ.யில் ஒரு கோடு. அவர்கள் வைத்திருக்கும் ஸ்கேலைவிடக் குட்டை. பாலைவனத்துக்குப் பொதுவாகச் சொல்லும் எல்லை அதுதான். லடாக்கின் லே நகரத்துக்குச் சுமார் 10 செ.மீ. கடைசியாகச் சிலி நாட்டில் அட்டகாமா பாலைவனத்தை ஒட்டிய அரிகா நகரத்துக்குக் கோடு போடச் சொல்லுங்கள். போட முடியாது. அங்கே ஆண்டுச் சராசரி ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை, சாக்பீஸ் கோடே அதைவிடத் தடிமன். அதோடு அரிகா கடற்கரை ஊர். கடல் பக்கத்திலேயே இருந்தும் மழை இல்லை என்றால் பிள்ளைகள் ஏன் என்று கேட்காமல் விடமாட்டார்கள். கரையோரம் ஓடும் குளிர்ந்த ஹம்போல்ட் நீரோட்டம் மழைமேகம் திரள விடுவதில்லை, மறுபக்கம் ஆண்டிஸ் மலை ஈரக்காற்றைத் தடுக்கிறது; இரண்டையும் அப்போது சொல்லுங்கள்.

இந்த இடத்தில் ஒரு கெட்டிக்காரப் பிள்ளை கட்டாயம் எழுந்து கேட்கும்: "துபாயில் வெள்ளம் வந்ததே டீச்சர்?" வந்ததுதான். 2024 ஏப்ரல் 16 அன்று ஐக்கிய அரபு அமீரகத்தில் அல் ஐன் பக்கம் ஓரிடத்தில் 24 மணி நேரத்துக்குள் 254 மி.மீ. கொட்டியது. நீங்கள் போட்ட 25 செ.மீ. கோட்டை ஒரே நாளில் தாண்டிவிட்டது! அப்படியானால் அது பாலைவனம் இல்லையா? பதிலை உடனே சொல்லாமல் கொஞ்ச நேரம் விவாதிக்க விடுங்கள். ஒரு நாள் மழை கணக்கில்லை, பல ஆண்டுகளின் சராசரிதான் கணக்கு என்பது அவர்கள் வாயிலிருந்தே வரும். பாலைவனத்தில் மழையே பெய்யாது என்ற நினைப்பும் அங்கேயே உடையும். 2006இல் ராஜஸ்தானின் பார்மர் மாவட்டத்தில் வந்த வெள்ளம் பல உயிர்களைக் கொண்டுபோனது. இதையும் சொல்லுங்கள், சொல்ல வேண்டிய செய்தி.

அப்புறம் மணல். இங்கே நமக்கு வேறெவருக்கும் கிடைக்காத ஒரு வசதி இருக்கிறது. தூத்துக்குடி மாவட்டத்தில் திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கம் தேரிக்காடு. செக்கச்செவேலென்று மணல்மேடு, காற்றில் நகரும் மணல், பார்த்தால் எல்லாரும் பாலைவனம் என்பார்கள். ஆனால் அங்கே விழும் மழை 250 மி.மீ.யைப் போல இரண்டு மடங்குக்கு மேல். பனையும் முந்திரியும் நிற்கின்றன. மணல் இருந்தும் அது பாலைவனம் இல்லை. லடாக்கில் பெரும்பகுதி பாறையும் சரளையும், குளிர்காலத்தில் உறைபனி. அது பாலைவனம். இந்த இரண்டு படத்தையும் பெயர் சொல்லாமல் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, எது பாலைவனம் என்று கேளுங்கள். கை தூக்கியவர்களின் எண்ணிக்கையைப் பலகையில் எழுதிவிட்டு, பிறகு மழை அளவைக் காட்டுங்கள். தங்கள் கணிப்பு பொய்த்ததைப் பார்த்த பிள்ளைதான் பழைய படத்தை மாற்றும். சகாராவிலேயே மணல் கால்வாசிதான் என்பதையும் அப்போது சேர்த்துக்கொள்ளலாம்.

அன்டார்டிகா உலகின் மிகப் பெரிய பாலைவனம் என்றால் நம்பமாட்டார்கள், "அவ்வளவு ஐஸ் இருக்கே" என்பார்கள். உட்பகுதியில் ஆண்டுக்குச் சுமார் 50 மி.மீ. நீர் அளவுக்குத்தான் பனி விழுகிறது. விழுந்தது உருகாமல் லட்சக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்ததுதான் அந்த ஐஸ் என்று சொன்னால் போதும்.

250 என்பதும் கறாரான கோடு இல்லை டீச்சர். ஜோத்பூரில் அதைவிடக் கூடுதலாகவே பெய்கிறது, இருந்தும் அது தார் பாலைவனத்தைச் சேர்ந்த ஊர். விழும் மழையைவிட வெயிலில் ஆவியாகக்கூடிய நீர் எவ்வளவு அதிகம் என்பதும் கணக்கில் வரும். மேல் வகுப்பில் பார்த்துக்கொள்ளலாம்.

சரி, நம்ம ஊர் விஷயம். அந்தப் பிள்ளைகளின் பயத்தைச் சிரித்துத் தள்ள வேண்டாம். சுவரில் இருக்கும் 90 செ.மீ. கோட்டைக் காட்டுங்கள். இவ்வளவு மழை விழுகிற ஊருக்குப் பாலைவனம் என்று பெயர் வராது. கண்மாய் வற்றுவது வேறு கதை. கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் அடைபட்டிருக்கும், உள்ளே மண் மேடிட்டிருக்கும், சீமைக் கருவேலம் மண்டியிருக்கும். மழையில் பெரும்பங்கு சில மாதங்களில் கொட்டிவிடுவதால், அந்த நேரத்தில் தேக்காவிட்டால் கோடையில் இருக்காது. பாலைவனமாதல் என்று ஐநா 1994இல் ஒப்பந்தம் கொண்டு வந்ததே, அதுவும் எங்கிருந்தோ மணல் நகர்ந்து வந்து ஊரை மூடுவதைச் சொல்லவில்லை. வறண்ட நிலங்களில் மண் வளம் கெட்டு, செடிகொடி அழிந்து, நிலம் பயன் இழப்பதைச் சொல்கிறது. முடிந்தால் பிள்ளைகளை ஊர்க் கண்மாய்க்கு அழைத்துப்போய் வரத்துக்கால் எங்கே அடைபட்டிருக்கிறது என்று தேடச் சொல்லுங்கள். ஊர்ப் பெரியவர் யாரையாவது கூட்டிக்கொண்டால் அவரே இடத்தைக் காட்டிவிடுவார். புரட்டாசிக்குள் போய் வந்துவிடுங்கள், ஐப்பசி பிறந்துவிட்டால் மழை பிடித்துக்கொள்ளும்.