பந்தயக் காருக்குள் நாலு பம்பரங்கள்

(புதுச்சேரியில் பொறியியல் மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். என் கையில் இருப்பது முத்தியால்பேட்டை சைக்கிள் கடை ஒன்றில் இரவல் வாங்கி வந்த முன்சக்கரம். தம்பி, நீ மேடைக்கு வா. அச்சின் இரண்டு முனைகளையும் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடி. ரோட்டில் உருளுகிற திசையிலேயே வேகமாகச் சுற்றிவிடுகிறேன். சரி, இப்போது இடது பக்கம் திருப்பு.

பார்த்தீர்களா? அவன் இடது பக்கம் திருப்பினான், சக்கரமோ வலது பக்கம் சாய்ந்தது. இடது கையைத் தூக்கிவிட்டு வலது கையை அழுத்துகிறது. பம்பரத்திலும் இதைத்தான் பார்த்திருக்கிறோம். புவியீர்ப்பு கீழே இழுக்கிறது, பம்பரம் விழாமல் தலையை வட்டமாக ஆட்டுகிறது. சுழலும் பொருளின் அச்சைத் திருப்பப் பார்த்தால், அது நாம் திருப்பும் திசைக்குச் செங்கோணத்தில் வேறொரு திசையில் பதில் சொல்லும். ஜைரோஸ்கோப் விளைவு என்பது இவ்வளவுதான்.

இனி பந்தயக் காருக்கு வருவோம். இடது வளைவில் கார் திரும்பும்போது நான்கு சக்கரங்களும் தம்பியின் கையில் நடந்ததையே செய்கின்றன, காரை வெளிப்பக்கமாகச் சாய்க்கின்றன. எவ்வளவு சாய்க்கின்றன? அதைக் கணக்குப் போடாமல் பேசுவதில்தான் எனக்கு வருத்தம். சிலர் இதைப் பெரிய பூதமாக்குகிறார்கள், சிலர் ஒன்றுமே இல்லை என்று தள்ளிவிடுகிறார்கள்.

மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தில், புவியீர்ப்பைப் போல் 3 மடங்கு பக்கவாட்டு முடுக்கத்தோடு ஒரு வளைவு என்று வைத்துக்கொள்வோம். கார் நொடிக்கு 24 டிகிரி திரும்பும். சக்கரத்தின் ஆரம் 36 சென்டிமீட்டர் என்றால் நொடிக்கு 30 சுற்றுக்கு மேல் சுழலும். ஒரு சக்கரத்தின் நிலைமத் திருப்புத்திறனை, அதாவது சுழற்சி மாறுவதை அது எதிர்க்கும் அளவை, 1 கிலோகிராம் மீட்டர் வர்க்கம் என்று கொண்டால், நான்கு சக்கரமும் சேர்ந்து சுமார் 320 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தரும். உள்பக்க டயர்களிலிருந்து ஏறக்குறைய 20 கிலோ எடை வெளிப்பக்க டயர்களுக்கு மாறுகிறது என்று பொருள். 800 கிலோ கார் ஒன்றில் அதே வளைவில் மற்றக் காரணங்களால் மாறும் எடை 400 கிலோவைத் தாண்டும். ஆக, இது சுமார் 5 சதவீதம். காரைக் கவிழ்க்காது. ஆனால் நொடியில் நூறில் ஒரு பங்குக்காக மல்லுக்கட்டுகிறவர்கள் அதை விட்டுவிட மாட்டார்கள்.

என்ஜினில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஃபார்முலா ஒன் காரில் என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் போகும் என்றதும் பயந்துவிடுகிறோம். ஆனால் அது உள்ளங்கையளவு பொருள், எடை அச்சை ஒட்டியே இருக்கிறது. பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் ஷாஃப்ட்டும் அப்படித்தான், ஒல்லியானது. அதன் அச்சு காரின் நீளவாட்டில் இருப்பதால் வளைவில் மூக்கை அழுத்தும் அல்லது தூக்கும். நிமிடத்துக்கு 12,000 சுற்றில் கணக்குப் போட்டுப் பார்த்தேன், முன்னுக்கும் பின்னுக்கும் மாறுவது ஒரு கிலோகூட இல்லை. மோட்டார் சைக்கிளின் கதை வேறு. வண்டியே லேசு, ஓட்டுநர் அதைச் சாய்த்துத்தான் திருப்ப வேண்டும். அதனால்தான் மோட்டோ ஜிபி மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் யமஹா, டுகாட்டி, ஹோண்டா எல்லாமே கிராங்கைச் சக்கரத்துக்கு எதிர்த் திசையில் சுற்ற வைக்கின்றன, சக்கரங்களின் விளைவில் ஒரு பங்கை அது ஈடுகட்டும்.

இந்த விசை உண்மையிலேயே மனிதரை ஆட்டிப்படைத்த இடம் பழைய கார்களின் முன் அச்சு. இரண்டு முன்சக்கரங்களும் ஒரே இரும்பு அச்சில் இருந்தன. இடது சக்கரம் ஒரு மேட்டில் ஏறினால் அச்சு முழுவதும் சாயும். சுழலும் சக்கரங்கள் சாய்ந்ததும் வலது பக்கம் திரும்பப் பார்க்கும். மேட்டை விட்டு இறங்கும்போது இடது பக்கம். அப்புறம் மறுபடி வலது. ஸ்டியரிங் ஓட்டுநரின் கையில் பேயாட்டம் ஆடும். வேகம் கூடக்கூட ஆட்டமும் கூடும். 1930களில் ஒவ்வொரு முன்சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன், அதாவது குலுக்கலைத் தாங்கும் அமைப்பு, பரவியதற்கு இந்த நடுக்கம் ஒரு முக்கியக் காரணம். சக்கரம் மேலே போகட்டும், சாயாமல் போகட்டும் என்பதே அந்த வடிவமைப்பின் நோக்கம்.

கூட்டம் முடிந்ததும் இந்தச் சக்கரத்தை ஒவ்வொருவரும் பிடித்துப் பாருங்கள். டயரும் ட்யூபும் இருக்கும்போது ஒரு தடவை, கழற்றிவிட்டு ஒரு தடவை. விளிம்பில் எடை குறைந்தால் கைக்கு வரும் இழுப்பு எவ்வளவு குறைகிறது என்று உங்கள் மணிக்கட்டே சொல்லும். எட்டு மணிக்குள் நான் இதைக் கடையில் திருப்பிக் கொடுத்தாக வேண்டும், வரிசையாக வாருங்கள்.