கம்யூனிச ஆட்சி போன நாடுகளில் பசுமைத் தொழில் தானாக வளர்ந்ததா? – நேயர் கேள்விக்கு விளக்கம்

சரி, அடுத்த கேள்வி. கோவையில் எம்பிஏ படிக்கும் ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "கிழக்கு ஐரோப்பாவில் கம்யூனிச அரசுகள் காற்றையும் நீரையும் நாசம் செய்தன என்கிறீர்கள். 1990-க்குப் பிறகு தனியார் தொழில் வந்ததும் சுற்றுச்சூழலைக் காக்கும் தொழில்கள் தானாகவே முளைத்தனவா? ப்ராஜெக்டுக்கு எந்த நாட்டை எடுக்கலாம்?"

தானாக முளைக்கவில்லை. ஓர் ஊரை வைத்தே சொல்கிறேன். பழைய கிழக்கு ஜெர்மனியில் பிட்டர்ஃபெல்ட், அதை ஒட்டி வோல்ஃபன். எழுபதுகளில் தமிழ்ப் படங்களின் டைட்டிலில் 'ஆர்வோ கலர்' என்று போடுவார்களே, அந்த ஃபிலிம் வோல்ஃபன் ஆலையில் செய்ததுதான். ஆலைக் கழிவுநீரைப் பழைய நிலக்கரிக் குழி ஒன்றில் விட்டார்கள். அந்த நாற்றம் பிடித்த குட்டைக்கு ஊரில் வழங்கிய பெயர் 'வெள்ளி ஏரி'. பழுப்பு நிலக்கரிப் புகையில், கொடியில் காயப்போட்ட துணி கறுத்துப்போகும். 1988-இல் சிலர் ரகசியமாக வீடியோ எடுத்து, அது மேற்கு ஜெர்மனித் தொலைக்காட்சியில் வந்தபோதுதான் வெளியுலகம் அந்த ஊரைக் கண்ணால் பார்த்தது.

அப்புறம் ஆட்சி மாறியது, ஆலைகள் வரிசையாக மூடின, ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை போனது. இப்போது அந்த நிலத்தை யார் வாங்குவார்? வாங்கினால் மண்ணுக்கடியில் இருக்கும் விஷமும் வாங்கியவர் தலையில்தான் விழும். அதனால் 1990-லேயே சட்டம் போட்டார்கள்: பழைய மாசுக்கான பொறுப்பிலிருந்து புது முதலாளி விலக்குக் கேட்கலாம். நிலத்தடி நீரை இறைத்துச் சுத்தம் செய்யும் வேலை அங்கே பல ஆண்டுகளாக அரசுப் பணத்தில்தான் நடக்கிறது. அந்தச் சுத்தத்துக்குக் காசு கொடுக்க வாடிக்கையாளர் என்று யாரும் கிடையாது, பாருங்கள்.

1999-இல் க்யூ-செல்ஸ் என்ற சோலார் செல் கம்பெனி தொடங்கியது. ஆலையைப் பக்கத்து தால்ஹைமில் வைத்தார்கள். தொடங்கியவர்களில் ரைனர் லெமோயின் போன்றவர்கள் மேற்கு பெர்லின் பொறியாளர்கள். கிழக்கில் நிலம் மலிவு, அரசு மானியம் உண்டு, ரசாயன ஆலையில் பழகிய கைகளும் வேலை தேடி நின்றன. அதைவிடப் பெரிய விஷயம் 2000-இல் வந்த புதுப்பிக்கத்தக்க ஆற்றல் சட்டம். சோலார் மின்சாரத்தை மின் விநியோக நிறுவனங்கள் யூனிட்டுக்கு 99 பிஃபெனிக், அதாவது ஏறக்குறைய அரை யூரோ கொடுத்து, 20 வருடம் வாங்கியே ஆக வேண்டும். அந்த 20 வருட உறுதியை நம்பித்தான் சாதாரண வீட்டுக்காரர்கூட வங்கிக் கடன் வாங்கிக் கூரையில் பேனல் போட்டார். 2008-இல் க்யூ-செல்ஸ் உலகத்திலேயே பெரிய சோலார் செல் உற்பத்தியாளர். ஒரு காலத்தில் துணி கறுத்த ஊரின் பக்கத்தில்!

நிலைக்கவில்லை. சீன செல்களின் விலை சரிந்துகொண்டே வந்தது, ஜெர்மன் அரசும் புதிதாகப் போடும் பேனல்களின் மின்சாரத்துக்குத் தரவேண்டிய கட்டணத்தைக் குறைத்தது. 2009-இல் நூறு கோடி யூரோவுக்கு மேல் நஷ்டம், 2012-இல் திவால். கொரியாவின் ஹன்வா வாங்கியது. 2015-இல் தால்ஹைமில் செல் உற்பத்தியே நின்றது, ஆராய்ச்சி போன்ற பிரிவுகள் மட்டும் தங்கின. உள்ளூர்த் தொழிலாளர்களை நினைத்தால் எனக்கு மனசு கனக்கிறது. இருபத்தைந்து வருடத்துக்குள் இரண்டு தடவை அதே தெருக்காரர்களுக்கு வேலை போனது.

செக் நாட்டில் நடந்தது வேறு மாதிரி. அங்கேயும் 2005-இல் இதே போலச் சட்டம் வந்தது. ஆனால் கட்டணத்தை வருடத்துக்கு 5 சதவீதத்துக்கு மேல் குறைக்க முடியாது என்று அதில் எழுதியிருந்தார்கள். பேனல் விலை மளமளவென்று இறங்கியபோதும் கட்டணம் மேலேயே நின்றது. பணம் உள்ளவர்கள் விளைநிலங்களில் பேனல்களைப் பரப்பினார்கள். 2008 முடிவில் நூறு மெகாவாட்கூட இல்லாத நாட்டில் 2010 முடிவில் ஏறக்குறைய 2,000 மெகாவாட். மக்கள் அவர்களை 'சோலார் பிரபுக்கள்' என்று திட்டினார்கள். அரசு பயந்துபோய், 2009, 2010-இல் கட்டிய நிலையங்கள்மீது பின்னோக்கி 26 சதவீத வரி போட்டது. நேர்மையாகத் தொழில் செய்தவரும் இதில் சிக்கினார். எழுதிக்கொடுத்த சொல்லை அரசே மாற்றியதுதான் இதில் பெரிய தவறு என்பது என் கருத்து.

அரசை எதிர்பார்க்காமல் வளர்ந்ததும் உண்டு. லிதுவேனியாவில் 2008-இல் மில்டா மிட்குடே, யுஸ்டஸ் யனவுஸ்கஸ் இருவரும் தொடங்கிய வின்டட். பழைய துணிகளை ஒருவருக்கொருவர் விற்கும் தளம். 2019-இல் நூறு கோடி டாலருக்கு மேல் மதிப்புக்கு வந்துவிட்டது. வாங்குபவருக்கும் லாபம், விற்பவருக்கும் லாபம், அதனால் யாருடைய மானியமும் தேவைப்படவில்லை.

ஆக, எந்தத் தொழிலை எடுத்தாலும் முதலில் அதற்குக் காசு கொடுப்பது யார், எத்தனை வருடத்துக்கு உறுதி சொல்லியிருக்கிறார்கள் என்று பாருங்கள். ப்ராஜெக்டுக்குச் செக் நாட்டையே எடுங்கள் என்பேன். 2005 சட்டத்தையும் பின்னால் வந்த வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தாலே உங்களுக்கு ஓர் அத்தியாயம் தேறும்.