பிடி கிடைக்காத கோலிக்குண்டு

எல்லோருக்கும் வணக்கம். போன வாரம் ஓ.பி.யில் ஒரு அம்மா, கணையப் புற்றுநோய் வந்த கணவருடைய ரிப்போர்ட்டை மேஜையில் விரித்து, பேனாவால் வட்டம் போட்ட இடத்தைக் காட்டினார். “கேராஸ் ஜி12டி. இது எத்தனாவது ஸ்டேஜ் டாக்டர்?”

ஸ்டேஜ் இல்லை. கேராஸ் ஒரு புரதம். அமினோ அமில மணிகள் கோத்த மாலை மாதிரி. அதில் 12-வது மணி கிளைசினாக இருக்க வேண்டும். அங்கே ஆஸ்பார்டிக் அமிலம் வந்து உட்கார்ந்துவிட்டது, அவ்வளவுதான். (ஜி என்றால் கிளைசின், டி என்றால் ஆஸ்பார்டிக் அமிலம்.) ஆனால் கிளைசின் இருப்பதிலேயே பொடியன். புதிதாக வந்தவனோ காலை நீட்டி உட்காருகிறவன். கேராஸ் என்பது செல்லை வளரச் சொல்லும் சுவிட்ச். அதை அணைக்க இன்னொரு புரதம் ஒரு விரலை உள்ளே விடும். (‘ஆர்ஜினின் விரல்’ என்றே அதற்குப் பெயர்!) இப்போது விரல் நுழைய இடமில்லை. சுவிட்ச் எரிந்துகொண்டே இருக்கிறது. கணையப் புற்றுநோய்க்காரர்கள் பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு கேராஸில் இப்படி ஏதோ ஒரு கோளாறு.

ராஸ் குடும்பப் புரதங்களில் 12-வது மணி இப்படி மாறும் என்பது 1982-லேயே தெரியும். பிறகு ஏன் இத்தனை வருஷம் மருந்து வரவில்லை? கேராஸ் எண்ணெய் தடவிய கோலிக்குண்டு. மருந்து தொற்றிக்கொள்ள ஒரு குழி கிடையாது. அதனால் வேறு கதவுகளைத் தட்டினார்கள். 2005-ல் கணையப் புற்றுநோய்க்கு எர்லோட்டினிப் மாத்திரைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கீமோ மட்டும் எடுத்தவர்கள் சராசரியாக 5.91 மாதம், மாத்திரையும் சேர்த்தவர்கள் 6.24 மாதம் உயிரோடு இருந்தார்கள். கணக்குப் போடுங்கள், பத்து நாள். புள்ளியியலில் அது வெற்றி. எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

2013-ல் கெவன் ஷோகட் என்ற கலிபோர்னியா விஞ்ஞானியின் குழு அந்தக் கோலியில் ஒரு ரகசியக் குழியைக் கண்டுபிடித்தது. அதிலிருந்து 2021-ல் சோட்டோராசிப் என்ற மருந்து வந்தது. வந்தது நுரையீரல் புற்றுநோய்க்கு! அது பிடிப்பது ஜி12சி-யை மட்டும், அதாவது அதே 12-வது இடத்தில் சிஸ்டீன் என்ற வேறொரு மணி வந்து உட்கார்ந்த கேராஸை. கணையத்தில் அது நூற்றுக்கு ஒன்றிரண்டு பேருக்குத்தான். 38 கணைய நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் 8 பேருக்குக் கட்டி சுருங்கியது.

அடுத்து வந்த டாராக்சோன்ராசிப் என்ற மாத்திரை குழியைத் தேடவில்லை. செல்லுக்குள் சும்மா திரியும் சைக்ளோபிலின் என்ற புரதத்தைக் கூட்டிவந்து, எரிகிற சுவிட்சோடு ஒட்டிவிடுகிறது. ஜி12டி-யும் அதற்கு அடங்கும். 2025-ல் அமெரிக்க மருந்து ஆணையம் அதற்கு ‘பிரேக்த்ரூ’ தகுதி கொடுத்தது. (சீக்கிரமாகப் பரிசீலிப்பதற்கான தகுதி, அனுமதி அல்ல.) தோலில் தடிப்பு, வாய்ப்புண் வரும். மாத்திரைதானே என்று லேசாக நினைக்காதீர்கள்.

இத்தனையும் சொல்லிவிட்டு அந்த அம்மாவிடம், “இவர் வீட்டில் வேறு யாருக்காவது கேன்சர் வந்திருக்கிறதா?” என்று கேட்டேன். “நாத்தனாருக்கு முப்பத்தெட்டு வயசுல மார்புல கட்டி எடுத்தாங்க. அதுக்கும் இதுக்கும் என்ன டாக்டர்?”

இருக்கலாம். பி.ஆர்.சி.ஏ. மரபணுக் கோளாறு பரம்பரையாக வருவது, மார்பகத்துக்கும் கணையத்துக்கும் பொது. கணைய நோயாளிகளில் நூற்றுக்கு 4 முதல் 7 பேருக்கு அது உண்டு. அவர்களில் பிளாட்டினம் கீமோவுக்கு நோய் அடங்கியவர்களுக்கு ஓலாபரிப் என்ற மாத்திரையைக் கொடுத்தபோது, நோய் மறுபடி தலைதூக்க 7.4 மாதம் ஆனது. வெற்று மாத்திரைக்கு 3.8. ஆயுள் கூடியதா என்றால், பெரிதாக இல்லை. ஆனால் நாத்தனாரின் பெண்களுக்கும் இவருடைய பிள்ளைகளுக்கும் அந்த ரிசல்ட் வேண்டும்.

அன்றே அந்த அம்மாவின் கணவருக்கு ஒரு குழாய் ரத்தம் எடுத்து பி.ஆர்.சி.ஏ. சோதனைக்கு அனுப்பினோம். ரிசல்ட் இன்னும் வரவில்லை.