பதில் சொல்ல நமக்குத் தெரியும்

பட்டிமன்றத் தலைப்பு: மத நம்பிக்கை புண்படும்போது தேவை தண்டனையா, பதிலா?
‘பதிலே’ என்ற அணியின் உரை

நடுவர் அவர்களே, அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, எதிரணி நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் ஒரு கேள்வியோடு முடித்தார். “உங்கள் தாயை ஒருவன் இழிவாகப் பேசினால் கைகட்டி நிற்பீர்களா? தாயினும் மேலான தெய்வத்தைப் பேசினால் மட்டும் அது கருத்துச் சுதந்திரமா?” அரங்கம் கைதட்டியது. கைதட்டலுக்குரிய கேள்விதான். அந்த வலி பொய்யில்லை, நடுவர் அவர்களே. ஒருவர் அன்றாடம் கும்பிடும் உருவத்தை, ஓதும் வேதத்தை, உயிரினும் மேலாக நேசிக்கும் தூதரை இன்னொருவன் கொச்சைப்படுத்தும்போது நெஞ்சு பதறத்தான் செய்யும். “இதெல்லாம் ஒரு விஷயமா?” என்று கேட்க எங்கள் அணி இங்கே வரவில்லை. வலிக்கிறது என்று சொல்லுங்கள், உரக்கவே சொல்லுங்கள். வலித்ததும் யாரைத் துணைக்கு அழைப்பது, காவல்துறையையா, கூட்டத்தையா, நம் சொந்த நாவையா என்பதில்தான் நாம் இரண்டு அணியாகப் பிரிகிறோம்.

தாய் உவமைக்கே வருகிறேன். என் தாயைத் தாய் என்று நான் அழைப்பதால் அடுத்தவரின் தாய் பொய்யாகிவிடுவதில்லை. மதம் அப்படியா? ‘இறைவன் ஒருவனே, அவனுக்கு இணையில்லை’ என்று ஒருவர் மனமுருகிச் சொல்கிறார். பல தெய்வங்களை வணங்குகிறவரின் நம்பிக்கையை அந்தச் சொல்லே மறுத்துவிடுகிறது. ‘இயேசு தேவனுடைய குமாரன்’ என்பது கிறிஸ்தவரின் விசுவாசத்துக்கு உயிர். இஸ்லாமியருக்கோ அது ஏற்கவே முடியாத வாக்கு. உலகைப் படைத்த கடவுள் என்று ஒருவர் இல்லை என்கிறது சமணம். தன் நம்பிக்கையை ஒருவர் முழு மனதோடு எடுத்துச் சொன்னாலே இன்னொருவர் காதில் அது நிந்தனையாக விழுகிறது. புண்படுத்துவதே குற்றம் என்றால் முதலில் கூண்டில் ஏறப்போவது நாத்திகர் இல்லை, பக்தர்தான்.

சட்டம் இருந்தால் மக்கள் சட்டத்தைக் கையில் எடுக்கமாட்டார்கள் என்றும் எதிரணி சொன்னது. வரலாறு என்ன சொல்கிறது?

1920களின் லாகூரில் நபிகளை இழிவுபடுத்தும் ஒரு சிறுநூலை வெளியிட்டதற்காக ராஜ்பால் என்ற பதிப்பாளர்மீது வழக்கு நடந்தது. அன்றைய பிரிவுகளில் அவர் செய்தது அடங்காது என்று 1927இல் உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. எங்கும் கொந்தளிப்பு. அதே ஆண்டில் ஆங்கிலேய அரசு இந்திய தண்டனைச் சட்டத்தில் 295ஏ பிரிவைச் சேர்த்தது. தீய நோக்கத்தோடு வேண்டுமென்றே மத உணர்வைப் புண்படுத்தினால் சிறை என்றது. கோபத்தைத் தணிக்க வந்த சட்டம்தான். ஆனால் 1929இல் ராஜ்பால் குத்திக் கொல்லப்பட்டார்.

பிரிவினைக்குப் பிறகு அந்தச் சட்டம் இரு நாடுகளுக்கும் போனது. பாகிஸ்தான் அதோடு நிற்காமல் 1986இல் 295சி என்று ஒரு பிரிவைச் சேர்த்து, நபி நிந்தனைக்கு மரண தண்டனை வரை கொண்டுபோனது. இதைவிடக் கடுமையான காவலை ஒரு நம்பிக்கைக்கு எந்த அரசால் கொடுக்க முடியும்? பிறகு நடந்தது என்ன? 2009இல் ஆசியா பீபி என்ற ஏழைக் கிறிஸ்தவப் பெண்ணுக்கும் அவரோடு வயலில் வேலை செய்த பெண்களுக்கும் குடிதண்ணீரை வைத்துத் தகராறு வந்தது. அது நிந்தனை வழக்காக வளர்ந்தது. 2010இல் தூக்குத் தண்டனை. அவருக்காகப் பேசிய பஞ்சாப் ஆளுநர் சல்மான் தசீரை 2011 ஜனவரியில் அவருடைய மெய்க்காவலரே சுட்டுக் கொன்றார். இரண்டு மாதம்கூட முழுதாக ஆகவில்லை, சிறுபான்மையினர் அமைச்சர் ஷாபாஸ் பட்டியும் கொல்லப்பட்டார். சாட்சியங்கள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன, குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று சொல்லி உச்ச நீதிமன்றம் அந்தப் பெண்ணை விடுவித்தபோது 2018 அக்டோபர் ஆகியிருந்தது. அப்போதும் தீர்ப்பை எதிர்த்துத் தெருவில் இறங்கினார்கள்.

‘இது சாவுக்குரிய குற்றம்’ என்று அரசே அறிவித்துவிட்ட பிறகு, கல்லோடு வரும் கூட்டம் தன்னைக் குற்றவாளி என்றா நினைக்கும்? நீதிபதிக்குக் கைகொடுக்க வந்ததாகவே நினைக்கும்.

இன்னொன்று, அளவு. நகை திருட்டுப் போனால் எத்தனை சவரன் என்று எடை போடலாம். மனம் புண்பட்டதை எந்தத் தராசில் நிறுப்பீர்கள்? நடைமுறையில் ஒரே அளவுகோல்தான் இருக்கிறது: யார் அதிகம் கத்தினார்கள், எத்தனை பேர் திரண்டார்கள், எது எரிந்தது. வருந்திவிட்டுத் தன் வழிபாட்டுக்குத் திரும்பிய லட்சக்கணக்கான பக்தர்களின் வலி எந்தக் கோப்பிலும் ஏறுவதில்லை. எரித்தவனின் வலிக்கு மட்டும் தடை உத்தரவு கிடைக்கிறது. அமைதியாக இருந்த பக்தருக்கு இதைவிடப் பெரிய அவமதிப்பு உண்டா?

நம் பெருமாள்முருகனுக்கு நேர்ந்ததை இந்த அவை மறந்திருக்காது. கோயில் விழா ஒன்றை ஒட்டிய அவருடைய நாவல் உணர்வுகளைப் புண்படுத்துவதாகப் போராட்டம் எழுந்தது. அதிகாரிகள் கூட்டிய பேச்சுவார்த்தையில் அவர் பணிந்துபோக வேண்டியிருந்தது. 2015 ஜனவரியில், தன்னுள் இருந்த எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அவரே அறிவித்தார். மறு ஆண்டு ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த உடன்பாடு அவரைக் கட்டுப்படுத்தாது என்றது. பிடிக்காத நூலை மூடி வைத்துவிடலாம் என்றது, எழுத்தாளர் மீண்டு வந்து எழுதட்டும் என்றது. ஒரு நாவலுக்கு மறுப்பாகப் பத்துக் கட்டுரை வந்திருந்தால் தமிழுக்கு ஆதாயம். வந்தது மிரட்டல்.

அப்படியானால் எதை வேண்டுமானாலும் பேசலாமா? முடியாது. நம்பிக்கையை விமர்சிப்பதும், கேலியே செய்வதும் ஒன்று. ‘இவர்களை வெட்டு’ என்று கூட்டத்தை ஏவிவிடுவது வேறு. 1994இல் ருவாண்டாவில் வானொலி வழியே கொலைக்குத் தூண்டினார்கள். அங்கே சட்டம் ஒரு நொடியும் காத்திருக்கக்கூடாது. ஐக்கிய நாடுகள் அவையிலும் இதே விவாதம் நடந்தது. ‘மதங்களை இழிவுபடுத்துதல்’ என்ற பெயரில் ஆண்டுக்கணக்கில் தீர்மானங்கள் வந்தபிறகு, 2011இல் மனித உரிமைகள் மன்றம் 16/18 தீர்மானத்தில் வேறு பாதைக்குத் திரும்பியது. உடனடி வன்முறைக்குத் தூண்டுவதைக் குற்றமாக்குங்கள், மற்றதற்கு உரையாடுங்கள், பதில் பேசுங்கள் என்பது அதன் சாரம். கொண்டுவந்தவை இஸ்லாமிய நாடுகள்! இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2008இல் நிந்தனைச் சட்டமே நீக்கப்பட்டது. அயர்லாந்தில் 2018இல் மக்களே வாக்களித்து அரசமைப்பிலிருந்து அந்தச் சொல்லை எடுத்தார்கள். அங்கெல்லாம் தேவாலய மணி இன்றும் ஒலிக்கிறது.

பதில் என்றால் எப்படி இருக்கவேண்டும் என்று கேட்டால் சைவ அறிஞர் ஆறுமுக நாவலரைக் காட்டுவேன். பத்தொன்பதாம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்தில் மிஷனரிகள் சைவத்தைக் கடுமையாக இழித்து அச்சிட்டுப் பரப்பினார்கள். நாவலர் பீட்டர் பெர்சிவல் பாதிரியாரோடு சேர்ந்து பைபிளைத் தமிழாக்கும் பணியில் இருந்தவர். எதிர்த்தரப்பின் வேதத்தை வரிவரியாகப் படித்தவர். அவர் வண்ணார்பண்ணையில் பள்ளிக்கூடம் திறந்தார். அச்சுக்கூடம் வைத்தார். கோயில்களில் பிரசங்கம் செய்தார். சைவத்தின் மீதான ஒவ்வொரு தூஷணத்துக்கும் மறுப்பாக 1854இல் ஒரு நூலே எழுதினார். பதில் சொல்லப் புறப்பட்ட கையால் எத்தனை பழந்தமிழ் நூல்கள் அச்சேறின! பின்னாளில் வள்ளலாரின் பாடல்களை அருட்பா என்று அழைக்கலாமா என்பதில் அவருக்கும் வள்ளலாருக்கும் எழுந்த பிணக்கு 1869இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போனது என்பதையும் எதிரணி சொல்லும் முன் நானே சொல்லிவிடுகிறேன். ஆனால் வள்ளலாரின் பாடல்களுக்கு இன்றுள்ள இடத்தை எந்த நீதிமன்றமா கொடுத்தது? பாடுகிறவர்கள் கொடுத்தார்கள்.

எதிரணியில் அடுத்துப் பேச வருகிறவருக்கு ஒரு வேண்டுகோள். ஒன்பது ஆண்டுக்கும் மேல் சிறையில் இருந்துவிட்டு, விடுதலையான பிறகும் பிறந்த மண்ணில் வாழ முடியாமல் கனடாவுக்குப் போனார் ஆசியா பீபி. அந்த ஒன்பது ஆண்டுகளில் எந்தப் பக்தரின் மனப்புண் ஆறியது என்று சொல்லிவிட்டு உங்கள் வாதத்தைத் தொடங்குங்கள். நடுவர் அவர்கள் அந்தப் பதிலையும் கேட்டபிறகு தீர்ப்பு வழங்கட்டும். நன்றி, வணக்கம்.