காசு பத்தலையா, தூக்கம் பத்தலையா?

நடுவர் ஐயாவுக்கு வணக்கம், எதிரணியில உக்காந்து எங்கள மொறைச்சிக்கிட்டு இருக்கற மூணு பேருக்கும் வணக்கம், பின்னால வடைக்கு இப்பவே வரிசை புடிச்சிட்டவங்களுக்கும் சேத்து ஒரு வணக்கம். 'சின்னப் பிள்ளைங்க இருக்கற வீட்டுல புருஷன் பொண்டாட்டி சண்டைக்கு காரணம் காசு பத்தாமையா, தூக்கம் பத்தாமையா' இதான் தலைப்பு. நான் தூக்கம் பக்கம். இந்த மொகத்த பாருங்க ஐயா, பவுடருக்கு அடியில கண்ணுக்கு கீழ என்னா இருக்குன்னு பாருங்க. வீட்டுல நாலு வயசுல ஒரு பொண்ணு, எட்டு மாசத்துல ஒரு பையன். இதுக்கு மேல என்னாத்த நிரூபிக்கறது.

எனக்கு முன்ன பேசின அண்ணன், செம்பனைப் பழம் ஏத்தற லோரி ஓட்டறவரு, நல்லா பேசினாரு, பொய் சொல்லக்கூடாது. பம்பர்ஸ் விலை, பால்மாவு விலை, பிள்ளைங்கள விட்டுட்டு போற தாஸ்கா பீஸ், மோட்டார் டயரு வரைக்கும் ஒன்னொன்னா அடுக்கி, 2025 பிப்ரவரியிலேருந்து நம்ம மலேசியாவுல குறைஞ்சபட்ச சம்பளம் 1,700 ரிங்கிட் வெள்ளின்னு ஆக்கினாங்களே அதுல ஒரு குடும்பம் ஓடுமான்னு கேட்டாரு. எங்க வீட்டுலயும் ஓடல அண்ணே, நொண்டிக்கிட்டுதான் நடக்குது. அப்புறம் நம்ம சுங்கை சிப்புட்டு மண்ணுல பொறந்த ம.இ.கா. கட்சித் தலைவரு துன் சம்பந்தனையும் கூட்டிக்கிட்டு வந்துட்டாரு, 1960ல தோட்டத்து ஜனங்ககிட்ட பத்து பத்து வெள்ளியா சேத்து தேசிய நில நிதி கூட்டுறவுச் சங்கத்த ஆரம்பிச்சாரு, காசு இல்லன்னா நம்ம கதி என்னான்னு அவருக்கு தெரிஞ்சிருந்துச்சின்னு. கைதட்டு வாங்கிட்டாரு. இந்த ஊருல அந்த பேர சொன்னா யாரு கைதட்ட மாட்டாங்க, நானும்தான் தட்டினேன்.

ஆனா ஒரு கணக்கு கேக்கறேன். காசு எங்க வீட்டுல ஒவ்வொரு மாசமும் ஒரே மாதிரிதான் பத்தல. ஒன்னாந்தேதி பத்தல, பதினஞ்சாந்தேதி பத்தல, கடைசி வாரம் கேக்கவே வேணாம். அப்படின்னா சண்டையும் தெனைக்கும் ஒரே அளவுல நடக்கணும்தானே? நடக்கலையே. சில நாளு சிரிச்சிக்கிட்டு இருக்கோம், சில நாளு ஜென்மத்துக்கும் மொகத்த பாக்க வேணாங்கற மாதிரி நிக்கறோம். காசு மாறல, ஆனா சண்டை ஏறுது எறங்குது. அப்ப அத ஏத்தி எறக்கறது வேற ஏதோ ஒன்னு.

போன மாசம் கரண்டு பில்லு வந்துச்சி, 187 வெள்ளி 40 காசு. பையனுக்கு வேர்க்குரு, அதனால ஏர்கோன் ஓடினது தெரிஞ்ச கதை. பில்லு வந்த அன்னிக்கு பையனுக்கு பல்லு மொளைக்கற நேரம், ரெண்டு நாளா நானும் தூங்கல அவரும் தூங்கல. அவரு பில்ல பாத்துட்டு 'ம்ம்'ன்னாரு. அவ்வளவுதான், ஒரே ஒரு 'ம்ம்'. அந்த 'ம்ம்'முக்கு நான் ஒன்றரை மணி நேரம் பதில் சொன்னேன் ஐயா. ஏர்கோன்லேருந்து கெளம்பி அவங்க அக்கா கல்யாணத்துல எனக்கு கொண்டாந்த சேல கலரு வரைக்கும் போயிட்டேன், அவரு பதிலுக்கு எங்க அப்பா வாங்கி குடுத்த மோட்டார்ல பிரேக்கு புடிக்கலன்னாரு. ஏழு வருஷத்துக்கு முன்ன வித்த மோட்டாரு. மறுநாள் சனிக்கிழமை, மாமியார் வந்து பிள்ளைங்க ரெண்டையும் தூக்கிக்கிட்டு போயிட்டாங்க, நாங்க ரெண்டு பேரும் மத்தியானம் ஒரு மணிக்கு படுத்து விளக்கு வெக்கற நேரத்துக்கு எழுந்திரிச்சோம். எழுந்து தேத்தண்ணி கலக்கினேன். அதே பில்லு மேச மேல அப்படியே கெடக்குது, அவரு எடுத்து பாத்துட்டு, 'இந்த காசுக்கு கேமரன் மலையில ரூம் போட்டு குளுகுளுன்னு படுத்திருக்கலாம்'னு சொல்ல, நான் சிரிச்ச சிரிப்புல தேத்தண்ணி மூக்குல ஏறிடுச்சி. பில்லு அதேதான், தொகையும் அதேதான். நடுவுல ஒரு தூக்கம் போட்டோம், அவ்வளவுதான். எதிரணி இதுக்கு பதில் சொல்லட்டும்.

பொறந்த பிள்ளை ஒரு நாளைக்கு 14லேருந்து 17 மணி நேரம் தூங்குமாம், கிளினிக்குல நர்ஸ் மிஸ்ஸி சொன்னாங்க. எங்க போச்சிங்க அந்த 17 மணி நேரம்? எங்களுக்கு ஏன் கெடைக்கல? கெடைக்காது, ஏன்னா அது துண்டு துண்டா தூங்குது. வயிறு சின்னது, ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா மூணு மணி நேரத்துக்கு ஒருக்கா பசிக்கும், தாய்ப்பாலுன்னா ஒரு நாளைக்கு எட்டுலேருந்து பன்னெண்டு தடவ கூட கேக்கும், ராத்திரி எது பகல் எதுன்னு அதோட ஒடம்புக்கு தெரியவே மூணு மாசம் கிட்ட ஆவும். 'பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது'ன்னு பெரியவங்க சொன்னாங்க. அது சரிதான், நான் அடுப்பு மேடையில சாஞ்சி நின்னுக்கிட்டே தூங்கியிருக்கேன், தண்ணி கொதிக்கற வரைக்கும்.

இதுல இன்னொரு விசயம், எங்க வீட்டுலேயே பழைய பிரசவ லீவு சட்டத்துக்கும் புது சட்டத்துக்கும் சாட்சி இருக்கு. மூத்தவ 2021ல பொறந்தா. அப்ப தனியார்ல வேலை செய்யறவங்களுக்கு பிரசவ லீவு 60 நாள்தான், அப்பாவுக்கு சட்டத்துல ஒன்னுமே கெடையாது, அவரு ஆண்டு லீவுல ரெண்டு நாள் எடுத்தாரு. கொரோனா நேரம் வேற, எங்கம்மா கெடாவுல, மாநில எல்லைய தாண்ட முடியாது, அந்த அக்டோபர்லதான் தெறந்து விட்டாங்க. எங்கம்மா வீடியோ கால்லயே பத்தியம் சொல்லுவாங்க, பூண்ட நல்லா வதக்கு, மஞ்ச பத்தலன்னு. நான் ஃபோன ஒரு கையில புடிச்சிக்கிட்டு பிள்ளைய ஒரு கையில வெச்சிக்கிட்டு கரண்டிய எந்த கையில புடிக்கறது? 61வது நாள் வேலைக்கு போனேன். ஒர்க்‌ஷாப்புல கிராணி, அதான் கிளார்க்கு வேலை எனக்கு, அன்னிக்கு இன்வாய்ஸ்ல 480 வெள்ளிக்கு பதிலா 4,800ன்னு அடிச்சிட்டேன். மொதலாளி தவுக்கே நல்ல மனுசன், திட்டல, காப்பி வாங்கி குடுத்தாரு. அந்த வருஷம் நாங்க போட்ட சண்டைய எண்ணினா இந்த மண்டபம் பத்தாது.

அப்புறம் சட்டத்த திருத்தி, 2023 ஜனவரி 1லேருந்து அம்மாவுக்கு 98 நாள், கல்யாணம் ஆன அப்பாவுக்கு தொடர்ச்சியா 7 நாள்ன்னு ஆச்சி. ஒரே முதலாளிகிட்ட 12 மாசம் வேலை செஞ்சிருக்கணும், 30 நாளைக்கு முன்னமே சொல்லிடணும், அதெல்லாம் இருக்கு. சின்னவன் இந்த சட்டத்துல பொறந்தவன். அண்ணன் இப்ப எழுந்து கேப்பாரு, அது சம்பளத்தோட லீவுதானே, அப்ப காசுதானே வேலை செஞ்சிச்சின்னு. அண்ணே, சம்பளம் அந்த 60 நாளுக்கும் வந்துச்சி. வித்தியாசம் என்னான்னா, அந்த மொத ஏழு ராத்திரி இவரு பிள்ளைய தோள்ல போட்டுக்கிட்டு ஹால்ல நடந்தாரு, நான் ரெண்டு மணி நேரம் சேந்தாப்புல தூங்கினேன். அந்த ஏழு நாளும் எங்க வீட்டுல ஒரு சத்தம் கெடையாது. எட்டாவது நாள் அவரு ஈப்போவுக்கு பேக்டரி வேலைக்கு கெளம்பினாரு, நைட் ஷிப்டு. ஒன்பதாவது நாள் சண்டை. தேதிய கூட என்னால சொல்ல முடியும்.

அந்த சண்டைதான் பால்மாவு சண்டை. தாய்ப்பால் பத்தல, ராத்திரிக்கு ஒரு பாட்டில் பால்மாவு குடுன்னு கிளினிக்குல சொல்லிட்டாங்க. வேலை முடிஞ்சி காலையில எட்டு மணிக்கு வந்த மனுசன், கண்ணு செவசெவன்னு இருக்கு, ஆனாலும் நான் கலக்கறேன் நீ படுன்னாரு. நல்ல மனசுதான். நான் படுத்துக்கிட்டே கேட்டேன், 'எத்தனை கரண்டிங்க போட்டீங்க?' கொஞ்ச நேரம் பதிலே இல்ல. அப்புறம், 'நாலுன்னு நெனைக்கறேன்.' நெனைக்கறேனா? 'நாலா, அஞ்சா?' 'நீ பேசினதுல கணக்கு விட்டு போச்சி.' முப்பது மில்லிக்கு ஒரு கரண்டி, நூத்தி இருவது மில்லி, நாலு கரண்டி, இதுல என்னாங்க இருக்கு மறக்கறதுக்கு? பாட்டில புடுங்கி சிங்க்குல ஊத்தினேன். அவரு ஊத்தின பால பாத்தாரு, என்னைய பாத்தாரு, 'ஒரு டின்னு என்னா விலைன்னு தெரியுமா'ன்னு கேட்டாரு.

இங்கதான் எதிரணி சந்தோசப்படுது, பாத்தியா காசு வந்துடுச்சின்னு. ஐயா, காசு அங்க வாய்க்கு கெடைச்ச கல்லு. வேற கல்லு கெடைச்சிருந்தா அத தூக்கி எறிஞ்சிருப்போம். ரெண்டு பேரும் நல்லா தூங்கியிருந்தா நாலு கரண்டிய நாலு வயசு பிள்ளை கூட எண்ணிடும். எங்க மூத்தவ எண்ணுவா, நான் செஞ்சி பாத்தேன்.

எதிரணியில ரெண்டாவதா பேசின டீச்சரு ஒன்னு சொன்னாங்க, அதுக்கு நான் பதில் சொல்லியே ஆவணும், ஏன்னா அது கெட்டியான பேச்சு. காசு இருந்தா ஆள் வெச்சிக்கலாம், ஆள் வெச்சா தூங்கலாம், அதனால காசுதான் மூலம்னாங்க. பாதி சரி. பகலுக்கு சரி. ராத்திரி மூணு மணிக்கு எங்க பையன் வேற யாரு கையிக்கும் போவ மாட்டான், என் நைட்டி துணிய புடிச்சாதான் கண்ண மூடுவான், ஸ்பிரிங் தொட்டிலுக்கு மோட்டாரு வாங்கி மாட்டினோம், 200 வெள்ளி சொச்சம், அது 'கிரீச் கிரீச்'ன்னு ஆடும், அவன் அந்த சத்தத்த கேட்டுக்கிட்டே முழிச்சிக்கிட்டு இருப்பான், நாங்க அந்த சத்தத்தாலேயே தூங்க மாட்டோம். காசு போட்டு வாங்கின தூக்கம் அது. இன்னும் ஒன்னு, அந்த காசு எங்கேருந்து வரும்? ஓவர்டைம்லேருந்து. ஓவர்டைம் எங்கேருந்து வரும்? அவரு தூக்கத்துலேருந்து. மாசம் 300 வெள்ளி கூட வந்துச்சி, அந்த மாசம்தான் அவரு என்கிட்ட பேசின வார்த்தைய விரல் விட்டு எண்ணலாம். அடுத்த மாசம் நானே வேணாம்னு சொல்லிட்டேன், அது பணக்காரத்தனம் இல்ல, பயம். மோட்டார்ல வர்றப்ப சிக்னல்ல கண்ணு சொருகிடுச்சின்னு ஒரு நாள் அவரே வாய் தவறி சொல்லிட்டாரு.

எங்க பாட்டி தோட்டத்துல ரப்பர் மரத்துல பால் வெட்டினவங்க. விடியறதுக்கு முன்ன வெட்டினாதான் பால் நல்லா ஓடும், வெயில் ஏறினா நின்னு போவும், அதனால நாலு மணிக்கு எழுந்து, இருட்டுல பேரு கூப்புடற பெரட்டுக்கு போவணும். எங்கம்மாவ கம்பளியில சுத்தி தூக்கத்தோடயே, பிள்ளைங்கள பாத்துக்கற ஆயாக்கொட்டகையில போட்டுட்டு போவாங்களாம். அப்ப அவங்களுக்கு மட்டும் தூக்கம் இருந்துச்சான்னு எதிரணி கேக்கும். இல்லதான். ஆனா வரிசையா ஒட்டின லயத்து வீட்டுல பலக சொவரு, ஒரு பிள்ளை ராத்திரி அழுதா மூணு வீட்டுல வெளக்கு எரியும், பக்கத்து வீட்டு பெரியம்மா வந்து 'குடு இங்க'ன்னு தூக்கிக்கிட்டு போயிடும். அதுக்காக தாத்தாவும் பாட்டியும் கொஞ்சிக்கிட்டு இருந்தாங்கன்னு நான் சொல்ல வரல, கள்ளுக்கடை கதை எங்க குடும்பத்துல நெறைய இருக்கு, அத இந்த மைக்குல சொல்ல முடியாது. பாட்டியும் அந்த பத்து வெள்ளி கட்டினவங்கதான் அண்ணே. ஆனா அவங்கள கேட்டா காச பத்தி ஒன்னும் சொல்ல மாட்டாங்க, அந்த பெரியம்மாவ பத்திதான் இன்னமும் பேசுவாங்க. இப்ப தாமான் குடியிருப்புல நல்ல செங்கல் சொவரு, கேட்டு, பூட்டு. எங்க பையன் தொண்ட கிழிய கத்தினாலும் பக்கத்து வீட்டுல கேக்காது. ஆனா அவங்க தீபாவளி பட்டாசு மட்டும் நேத்து ராத்திரி ஒன்பதே காலுக்கு, அவன் அப்பதான் கண்ண மூடினான், எங்களுக்கு நல்லா கேட்டுச்சி.

மணி அடிச்சிட்டீங்க ஐயா, ஒரு நிமிஷம் குடுங்க. எங்க வீட்டுக்காரரு வந்திருக்காரு, கடைசி வரிசையில ஃபேனுக்கு அடியில, பச்சை சட்டை. பையன தோள்ல போட்டுக்கிட்டு உக்காந்தவரு, நான் அந்த பில்லு கதைய ஆரம்பிக்கறப்ப மொறைச்சாரு, பால்மாவு கதைக்கு தலைய ஆட்டினாரு. இப்ப பாக்கறேன், ரெண்டு பேரும் வாய தெறந்துக்கிட்டு தூங்கறாங்க. நான் எறங்கி போறேன். தயவு செஞ்சி யாரும் கைதட்டாதீங்க.